கட்டக்கோரை நிற்கும் பக்கம்

சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், மதினி இடது கையால் வலது கை விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறாள், துணியின் ஒரு முனை அவள் பல்லில் இருக்கிறது, இப்போது சொன்னால் உடனே திருப்பித் திட்ட அவளுக்கு வாய் இல்லை, அதனாலேயே இது நல்ல நேரம், மதினி, நான் முந்தாநாள் ராமநாதபுரம் போனது ரேஷன் கார்டுக்கு இல்லை, காது டாக்டரிடம், இடது காது ஜவ்வு கிழிந்துபோய்விட்டதாம், இனிமேல் முங்கவே கூடாதாம், அவ்வளவுதான், நாலு வார்த்தை, சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. கடல் என்னவோ இன்றைக்குப் பார்க்கும்படியாகத்தான் இருக்கிறது. கச்சான் காற்று விழுந்து மூன்று நாள் ஆகிறது, தென்கடல் கலங்கல் எல்லாம் இறங்கி, வல்லத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் பாரு, அந்தப் பாறைத் திட்டு, கறுப்பாகவும் மஞ்சளாகவும் தெரிகிறது, மஞ்சளாக ஆடுவது கட்டக்கோரைப் பாசி, அது இந்த மாதம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். "நீட்டு," என்கிறாள் மதினி, துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டாள், நல்ல நேரம் போய்விட்டது. நான் வலது கையை நீட்டுகிறேன். முடிச்சை அவள்தான் போடுவாள், அவளுக்கு நான் போடுவேன், ஒற்றைக் கையால் போட்ட முடிச்சு தண்ணீரில் நிற்காது. என் அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்த துணி. இருபத்திரண்டு வருஷமாக அவன் வேட்டிகளைக் கிழித்துக் கிழித்து நாங்கள் இரண்டு பேரும் விரலில் சுற்றிக்கொள்கிறோம், துணி சுற்றாமல் பாசியைப் பிடுங்கினால் பாறை விரலைச் சீவிவிடும். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்கிறாள். இறுக்கமாகத்தான் இருக்கிறது. "ம்," என்கிறேன். இந்த "ம்" எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கிறது, இரண்டு நாளாக இந்த ஒரு எழுத்தை வைத்தே அவளோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. வல்லத்தில் பத்துப் பெண்கள், ஐந்து சோடி. ஆறு வருஷத்துக்கு முன் ஒருத்தி தனியாக இறங்கி மேலே வராமல் போன பிறகு ஊர்ப் பெண்கள் கூடிப் போட்ட கட்டு இது, ஒருத்தி கீழே போனால் இன்னொருத்தி மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், சோடி இல்லாதவள் பாரில் இறங்கக் கூடாது. நான் நின்றுவிட்டால் மதினிக்குச் சோடி இல்லை. மற்ற எட்டுப் பேரும் சோடி சோடியாக இருக்கிறார்கள். அவளைக் கரையில் உட்கார வைக்க முடியுமா, வீட்டில் இருக்கும் நாளில் அவள் நடையே கோணலாக இருக்கும், எதையாவது தேடுகிற மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள், தண்ணீரில் இறங்கினால்தான் அந்த உடம்பு ஒழுங்காக ஒரு இடத்தில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை அவள் எனக்குப் பஞ்சவர்ணம் இல்லை, பஞ்சு. அப்புறம் என் அண்ணன் செல்லையா அவளைக் கட்டினான், பஞ்சு மதினியாகிவிட்டாள், ஆனால் நீ வா போ மட்டும் மாறவில்லை, அம்மா எத்தனையோ முறை வைதாள், அண்ணன் பெண்டாட்டியை நீ என்று சொல்லாதேடி என்று, இரண்டு நாள் நீங்க நீங்க என்று சொல்லிப் பார்த்தேன், மூன்றாம் நாள் மதினியே வந்து, "ராக்கு, யாரோ அசலூர்க்காரி பேசுற மாதிரி இருக்கு, நிறுத்திக்க," என்றாள். அப்படிப்பட்டவளிடம் ரேஷன் கார்டு என்று பொய் சொன்னேன். நல்லதற்காகச் சொன்ன பொய் என்று நினைத்துக்கொள்கிறேன். நல்லதற்கா, பயத்துக்கா. அந்த டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா சீழ் வருதும்மா?" என்று கேட்டாள், மூன்று மாதம் என்றேன், உண்மையில் ஐந்து. "மூணு மாசம் சொட்டுத் தண்ணி படாம வச்சா ஓட்டை தானா மூடலாம், மூடலேன்னா ஆபரேஷன். ஆனா எது எப்படி ஆனாலும் இனிமே ஆழத்துல முங்குறது வேண்டாம்." வேண்டாம் என்று எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டாள். ஓட்டை. பானையில் ஓட்டை, வலையில் ஓட்டை, அதெல்லாம் தெரியும், தலைக்குள் ஓட்டை என்றால் அதற்குள் என்ன போகும், என்ன வெளியே வரும். பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் எட்டிக் கடலைப் பார்த்தார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை, யாரோ கடன்காரன் எதிரே வருகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காதில் எண்ணெய் தோய்த்த பஞ்சை அடைத்திருக்கிறேன், அதற்கு மேல் தலைத்துணி, அதற்கு மேல் முங்கும் கண்ணாடியின் வார். வெளியே தெரியாது. அண்ணனின் முழுக்கைச் சட்டை, காலில் துடுப்பு மாதிரி வெட்டிக் கட்டிய அலுமினியத் தட்டு, இடுப்பில் வலைப்பை. மதினி முதலில் போனாள், ஒரு முறை, இரண்டு முறை, வந்தாள், மூச்சு விட்டாள், "நல்லா வளந்துருக்குடி, கை வைக்கவே ஆசையா இருக்கு," என்றாள். இப்போது என் முறை. போகிறேன். காதை அழுத்துகிறது, அழுத்தட்டும், இன்னும் ஒன்றும் ஆகவில்லை, பஞ்சு பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே வந்ததும் எல்லாம் மறந்துபோகிறது, அதுதான் கஷ்டம், மறந்துபோவதுதான். மரிக்கொழுந்துப் பாசி பாறை முழுக்கச் சின்னச் சின்னச் சீப்பாகப் படர்ந்திருக்கிறது. அடியோடு பிடுங்கக் கூடாது, ஒரு விரல்கடை விட்டுக் கிள்ள வேண்டும், விட்டால் நாற்பது நாளில் மறுபடி தழைக்கும். முன்பெல்லாம் எங்களுக்கு இது தெரியாது, கிடைத்ததை வேரோடு வாரினோம், அப்புறம் தூத்துக்குடிக் கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் வந்து ஒரு வாரம் எங்களோடு வல்லத்தில் வந்தாள், "அதுக்கு வேரே கிடையாதுக்கா, இது பாறையப் பிடிச்சுக்கிறதுக்கு உள்ள காலு, சாப்பாடு எல்லாம் இலையாலயே தண்ணியிலேருந்து எடுத்துக்கும்," என்றாள், மதினி அதை நம்பவில்லை, வேர் இல்லாத செடி எப்படிச் செடியாகும் என்று நாலு நாள் அந்த டீச்சரோடு சண்டை போட்டாள், ஐந்தாம் நாள் ஒரு பாசியைக் காலோடு பெயர்த்து எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமாத்தா, வெறும் ஒட்டுதான்," என்று ஒத்துக்கொண்டாள். ஓரா மீன் கூட்டம் ஒன்று பக்கத்திலேயே பாசியைக் கொறித்துக்கொண்டு போகிறது, மதினியாக இருந்தால் இதற்குள் கையை ஆட்டி விரட்டியிருப்பாள், எங்க சோத்துல வாய் வைக்குதுக என்பாள், அதுகளும் நம்மைப் பற்றி அப்படித்தான் சொல்லும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரிய பாறைப் பொந்தில் அஞ்சாலை, பாம்பு மாதிரி நீண்ட மீன், இருக்கிறது, தலையை மட்டும் வெளியே நீட்டி வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, அது கோபமில்லை, அது மூச்சு விடுகிற விதம், அப்படித்தான் அதற்குச் செவுளுக்குத் தண்ணீர் போகும், ஆனால் பார்த்தால் எப்போதும் எதையோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கும், அதனால் மதினி அதற்கு என் வீட்டுக்காரர் பெயரை வைத்தாள், நாகலிங்கம், மூன்று வருஷமாக அதே பொந்தில் அதே முணுமுணுப்பு. அவரிடமே சொன்னாள். மங்களூர்ப் படகிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர், சோற்றில் கை வைத்தபடி சிரித்தார், அப்போதும் ஏதோ முணுமுணுத்தார்.

மேலே வருகிறேன், மூச்சு சீட்டி மாதிரி வெளியே போகிறது, மதினி என் பையைத் தூக்கி எங்கள் தெர்மகோல் மிதவையில் கொட்டுகிறாள். ஒன்றும் ஆகவில்லை. பார், ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சும்மா பயமுறுத்தியிருக்கிறாள், கடலைப் பார்த்தே இருக்க மாட்டாள். மதினி போகிறாள், நான் மேலே நின்று பார்க்கிறேன், அவள் முதுகுச் சட்டை காற்றுப் புகுந்து உப்பி ஆடுகிறது, அண்ணனின் பச்சைக் கட்டம் போட்ட சட்டை, நான் எண்ணுகிறேன், நாற்பது, ஐம்பது, எழுபதில் வந்துவிடுவாள், அறுபத்தெட்டில் வந்தாள். ஒரு நாள் எனக்குக் கல்மீன் முள் குத்தியது, பாறைதான் என்று நினைத்துக் கையை ஊன்றினேன், பாறை மாதிரியே சொரசொரப்பாக, மேலே பாசி கூட முளைத்திருந்தது, அப்படி ஒரு நடிப்பு அதற்கு, குத்தியதும் உயிர் தோளுக்கு ஏறியது, மதினி என்னை இழுத்து வல்லத்தில் போட்டுக் கரையில் இறக்கி, டீக்கடைப் பாய்லரிலிருந்து வெந்நீரை வாங்கி, பொறுக்கிற சூட்டில் என் கையை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் துள்ளத் துள்ள விடவில்லை, சூடு பட்டால்தான் அந்த விஷம் செத்துப்போகும், தன் கையையும் சேர்த்து முக்கியிருந்தாள், இரண்டு கையும் ஒன்றாகச் சிவந்தது. அவளுக்கு என்னத்துக்கு, முள் குத்தியது எனக்குத்தானே. இந்தக் காது விஷயத்தை அவளிடம் சொல்லாமல் எப்படி இருக்கிறேன் நான். மத்தியானம் சொல்கிறேன். சாப்பிட்ட பிறகு. வயிறு நிறைந்திருந்தால் கோபம் கொஞ்சம் குறையும். "போ, உன் முறை, என்ன நெனச்சுக்கிட்டு நிக்கிற?" என்கிறாள். போகிறேன்.

இந்த முறை கொஞ்சம் ஆழம், இரண்டு ஆள் உயரம் இருக்கும், பாறைச் சரிவில் நல்ல கொத்தாக இருக்கிறது, அதைக் கிள்ளிவிட்டு வந்துவிடலாம், கையை நீட்டுகிறேன், காதுக்குள் ஏதோ விலகுகிறது, பஞ்சு, பஞ்சு நகர்ந்துவிட்டது, சில்லென்று ஒரு ஊசி உள்ளே போகிறது, வலி என்று சொல்ல முடியாது, குளிர், மண்டைக்குள் குளிர், உடனே பாறை சுற்றுகிறது. பாறை இல்லை, நான். இல்லை, இரண்டும். ஓரா மீன்கள் தலைக்கு மேலே போகின்றன, கால் பக்கமாகப் போகின்றன, சூரிய வெளிச்சம் எங்கிருந்தெல்லாமோ வருகிறது, மேலே போ, மேலே போ, உதைக்கிறேன், வேகமாக உதைக்கிறேன், கையில் மணல் இடிக்கிறது, மணல் எப்படி மேலே வந்தது, திரும்பி உதைக்கிறேன், தோளில் பாறை, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, வாயைத் திறக்காதே, திறக்காதே ராக்கு, மேல் எது, கீழ் எது, இருபத்திரண்டு வருஷம் இங்கேயே கிடந்தவளுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை, இப்படித்தான் அவளும் போனாளா, அந்தத் தனியாக இறங்கினவள், மேலே பச்சைக் கட்டம் போட்ட சட்டை நின்றுகொண்டிருக்கும், அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், பாசி எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கையில் ஏதோ வழவழவென்று சிக்குகிறது. கட்டக்கோரை. தண்டு, இலை, இலைக்கு நடுவில் மிளகு மாதிரி உருண்டைகள். கண்ணை மூடு. கண் பொய் சொல்கிறது, மூடு. உருண்டைகள் காய் இல்லை, அந்த டீச்சர் ஒன்றைப் பிதுக்கிக் காட்டினாள், உள்ளே வெறும் காற்று, காற்றுப் பை, செடி வெயிலைப் பார்த்து நிமிர்ந்து நிற்பதற்கு. அப்படியானால் இது நிற்கும் பக்கம் மேல். இது சுற்றாது, சுற்றுவது நான்தான், இதற்குக் காது இல்லை. தண்டைப் பிடித்து விரலால் தடவுகிறேன், ஒரு பக்கம் போனால் கெட்டியாகிப் பாறையில் ஒட்டியிருக்கிறது, இது கால், இது கீழ், அப்போது மறுபக்கம், உருண்டை, உருண்டை, உருண்டை, கை மாற்றிக் கை மாற்றிப் போகிறேன், என் உடம்பு இல்லை இல்லை நீ கீழே போகிறாய் என்று கத்துகிறது, நம்பவில்லை, என்னை நான் நம்பவில்லை, கோரையை நம்புகிறேன், நுனி வந்துவிட்டது, அதற்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை, நுனி காட்டிய பக்கமாக உதைக்கிறேன், நெஞ்சு வெடிக்கிறது, உதைக்கிறேன், அப்போது ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து, துணி சுற்றிய கை, இழுக்கிறது, காற்று.

காற்று, காற்று, காற்று. வாந்தி எடுக்கிறேன். மிதவையில் என் மார்பைக் கிடத்தி மதினி பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருக்கிறாள், உலகம் இன்னும் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, கரை, வல்லம், கரை. "யாத்தே, என்னடி ஆச்சு, என்ன கடிச்சுச்சு, எங்க?" என்று என் கையையும் காலையும் தடவிப் பார்க்கிறாள், குத்து எங்கே என்று தேடுகிறாள். தலைத்துணியை அவிழ்க்கிறாள். பாதி வெளியே வந்திருந்த பஞ்சு அவள் விரலில் வருகிறது. மஞ்சளும் கொஞ்சம் ரத்தமும். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனி மத்தியானம் வரை எங்கே காத்திருப்பது. சொல்கிறேன். ராமநாதபுரம், சின்ன டாக்டர், ஐந்து மாதமாக வரும் சீழ், ஓட்டை, மூன்று மாதம், இனிமேல் வேண்டாம் என்றது, ஐந்து சோடி, எல்லாவற்றையும் சொல்கிறேன், வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. "உனக்குச் சோடி இல்லாமப் போயிரும்னுதான் மதினி." அவள் கண்ணாடியை இறக்கிவிட்டாள். பஞ்சை மிதவையின் மேல் வைத்தாள். என் கையை எடுத்து மிதவைக் கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, நான் விழ மாட்டேன் என்று பார்த்துக்கொண்டு, போய்விட்டாள். கீழே.

எண்ணுகிறேன், வேறு என்ன செய்ய, பத்து, பதினொன்று, என்னால் கழுத்தைக் குனிக்க முடியவில்லை, குனிந்தால் சுற்றுகிறது, அதனால் தண்ணீருக்குள் பார்க்க முடியவில்லை, இருபது, முப்பது, கோபத்தில் போயிருக்கிறாள், கோபத்தில் போனால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள், நாற்பது, அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை, அப்போதெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடப்பாள், ஒன்பதாம் வருஷம் பையன் பிறந்தபோது முதலில் என் மடியில்தான் போடச் சொன்னாள், ஐம்பது, அறுபது, வந்துவிடுவாள், அறுபத்தெட்டு, வரவில்லை, எழுபது, மதினி, எழுபத்தைந்து, வல்லத்தைக் கூப்பிடலாமா, வல்லம் தள்ளி நிற்கிறது, எண்பது, பஞ்சு, என்று கத்துகிறேன், முப்பது வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லவில்லை, தண்ணீருக்குள் கேட்கவா போகிறது, பஞ்சு, பஞ்சு, அப்புறம் எண்ணவில்லை. பத்தடி தள்ளித் தலை வந்தது. மூச்சு நீளமாகச் சீட்டியடித்தது. நீந்தி வந்து மிதவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைத் தூக்காமலே கேட்கிறாள்.

"எத்தன எண்ணுன?"

"எண்பது."

"அப்புறம்?"

"அப்புறம் எண்ணல. அழுதுட்டேன்."

"ம்," என்கிறாள். அதே "ம்". அப்புறம்தான் கண்ணாடியைத் தூக்குகிறாள், உள்ளே முழுக்கத் தண்ணீர், கடல் தண்ணீர் கண்ணாடிக்குள் புகாது. "நான் மேல நின்னு உன்னயப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்டி. அஞ்சு மாசமா நின்னேன். நான் பாத்தது என்னத்தடி? சட்டையவா?" என்கிறாள். நல்லதற்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த வார்த்தை அவள் முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை. "தப்புதான்," என்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் என்னை முறைக்கிறாள், பிறகு சட்டைக் கையால் என் வாயைத் துடைக்கிறாள், வாந்தி ஒட்டியிருக்கிறது போல, அழுத்தித்தான் துடைக்கிறாள், பிள்ளைகளுக்குத் துடைக்கிற மாதிரி, உதடு எரிகிறது.

மிதவையோடு சேர்த்து என்னைத் தள்ளிக்கொண்டே மேட்டுப் பாருக்கு வந்துவிட்டாள். இங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான், வற்று நேரத்தில் கணுக்கால்தான் இருக்கும். உட்கார வைத்தாள். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, தலை மெல்ல மெல்ல நிற்கிறது. ஒரு குழியில் பூ மாதிரி விரிந்திருக்கும் ஒன்று, தொட்டால் கையைச் சுருக்கிக்கொண்டு வெறும் கட்டியாகிவிடும் அது, இப்போது விரிந்துதான் இருக்கிறது, அதன் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன இறால் பயமில்லாமல் நடக்கிறது. செத்த சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் ஏழெட்டு ஒன்றன் பின் ஒன்றாக எங்கேயோ கிளம்பிப் போகின்றன. இருபத்திரண்டு வருஷமாக இந்த மேட்டைத் தாண்டித்தான் ஆழத்துக்குப் போயிருக்கிறோம், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. மதினி குனிந்து பாறையைத் தடவிப் பார்க்கிறாள். "இங்கயும் மரிக்கொழுந்து இருக்கு. குட்டையா இருக்கு, ஆனா இருக்கு. நாளையிலேருந்து நம்ம சோடிக்கு இதான் இடம். உன் தலை தண்ணிக்கு மேல இருக்கணும், அவ்வளவுதான்." "நீ ஆழத்துக்குப் போ மதினி, கேட்டா யாராவது சோடி சேர்த்துக்குவாங்க," என்கிறேன். "நான் கேட்டேனா?" "முழங்கால் தண்ணி உனக்குச் சலிச்சுப்போகும்." "சலிக்கும்தான். சலிக்கிறப்பெல்லாம் உன்ன வய்வேன், கேட்டுக்கிட்டு இரு, ஒரு காது இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, அவளுக்கே அது பொறுக்கவில்லை போல, சடாரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிள்ள ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குச் சலிக்கும் என்று எனக்குத் தெரியும், அவள் முதுகைப் பார்த்தாலே தெரிகிறது, குனிந்து வேலை செய்யத் தெரியாத முதுகு, நீந்திப் பழகின முதுகு. அது என்னால் வந்தது. அதை நான் மாற்ற முடியாது. நானும் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் போய்க் குனிகிறேன்.

வல்லம் எங்களை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறது. எஞ்சின் சத்தம் என் வலது காதில் மட்டும் கேட்கிறது. மதினி இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், ஈரத்துணியை விரலிலிருந்து பிரித்துக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டு வருகிறாள், வெகுநேரமாகப் பேசுகிறாள், உதடு அசைகிறது, கை அசைகிறது, இடையில் ஒரு முறை சிரிக்கவும் செய்கிறாள், எனக்கு ஒரு வார்த்தையும் வந்து சேரவில்லை, தலையை ஆட்டுகிறேன். சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். தலையாட்டியது தப்பான இடத்தில் போல. மதினி எழுந்திருக்கிறாள், ஆடுகிற வல்லத்தில் பாசிக் குவியலைத் தாண்டி, ஒருத்தியின் தோளைப் பிடித்து, இன்னொருத்தியின் காலை மிதித்து வசவு வாங்கி, சுற்றி வந்து என் வலது பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருகிறாள். உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பிக்கிறாள்.